வியாழக்கிழமை வகுப்பை மீண்டும் தொடங்க வேண்டி

அனுப்புநர்:
செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பணிபுரியும் பெண்.
(இம்மனு பல மேசைகளைக் கடந்து தங்களிடம் வரும் என்பதால், பெயரும் முகவரியும் ஒட்டிய உறையில் தனியே இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு துணை இயக்குநர் அவர்கள்,
மனநலச் சேவைகள் பிரிவு,
பொதுச் சுகாதாரத் தலைமை அலுவலகம்.

பொருள்: அரசு மருத்துவமனையில் டி.பி.டி. சிகிச்சை அளித்து வந்தவரை அலுவலகப் பணியிலிருந்து விடுவித்து, மீண்டும் நோயாளிகளிடம் அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மெழுகில் பல்வரிசை அடுக்கி, அச்சில் வார்த்து, மெருகேற்றி அனுப்புவது என் வேலை. வேலையில் என்மேல் குறை சொன்னவர் இல்லை. வீட்டில் நிலைமை வேறு. ஒரு சின்னச் சொல் போதும், உடம்பெல்லாம் பற்றிக்கொள்ளும். கத்துவேன், கதவை அறைவேன், அடுத்த நொடியே மன்னிப்புக் கேட்டு அழுவேன், அதன்பின் உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வரும். இதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் இருக்கிறேன். கணவர் பிரிந்து போய்விட்டார். அவர்மீது இம்மனுவில் புகார் எதுவும் இல்லை.

2. எனக்கு எட்டு வயதில் ஒரு மகள். என் அக்கா வீட்டில் வளர்கிறாள். அவளை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நானே கொண்டுபோய் விட்டேன். தினமும் மாலையில் தொலைபேசியில் பேசுவாள். எடுத்தவுடன், "அம்மா, இப்ப நல்லா இருக்கியா? இல்ல, அப்புறம் பேசட்டுமா?" என்பாள். எட்டு வயதுப் பிள்ளை தாயிடம் கேட்கிற கேள்வி அல்ல இது என்பதைத் தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

3. என்னை வீட்டுக்கு அனுப்பும்போது மனநல மருத்துவர், மாத்திரையோடு, பொங்கிவரும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் டி.பி.டி. என்னும் பேச்சுச் சிகிச்சையும் அவசியம் என்று எழுதிக்கொடுத்தார். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "தேடிப் பாருங்கம்மா" என்றார். தேடினேன். ஓரிடத்தில் தொலைபேசியை எடுத்தவர், "உடம்பு இளைக்கிறதுக்கா?" என்று கேட்டார். இன்னோரிடத்தில் பலகையிலேயே டி.பி.டி. என்று எழுதியிருந்தது. உள்ளே மீன்தொட்டி, மெத்தை நாற்காலி எல்லாம் இருந்தன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அங்கிருந்தவர், "பொம்பள நீங்க, கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்றார். பொறுத்துப் போகத் தெரிந்திருந்தால் நான் ஏன் அந்தப் படி ஏறுகிறேன், ஐயா? முறையாகப் பயின்ற ஒருவரையும் கண்டுபிடித்தேன். அவரிடம் இடமில்லை. வரவேற்பில் இருந்த பெண், "பேரை எழுதிக்கலாம்க்கா. ஆனா கூப்பிடுவோம்னு பொய் சொல்ல மனசு வரல" என்றாள். அந்தப் பெண்ணுக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

4. இந்நிலையில்தான் அரசு மருத்துவமனையில் ஒருவர் இச்சிகிச்சை அளிப்பதாக அறிந்து சென்றேன். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் நீளமான ஓர் அறை, இரும்பு நாற்காலிகள். என் கதையைக் கேட்டு முடித்ததும் அந்த அம்மையார் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களால முடிஞ்சத நீங்க செஞ்சுக்கிட்டுதான் இருக்கீங்க. ஆனா அது போதல, மாறியாகணும். ரெண்டுமே உண்மை." அதுவரை என்னைத் திட்டியவர்கள் உண்டு, பாவம் என்றவர்கள் உண்டு. இரண்டும் இல்லாமல் என்னிடம் பேசிய முதல் மனிதர் அவர்தான்.

5. வாரத்தில் ஒரு நாள் அவரோடு தனியாகப் பேசுவது. வியாழக்கிழமைகளில் வகுப்பு. என்னோடு ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கொதிப்பு ஏறும்போது குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்துவது, வந்திருப்பது கோபமா பயமா என்று பெயர் சொல்லிப் பார்ப்பது, ஓடத் தோன்றினால் நின்று பார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். வீட்டுப்பாடமும் உண்டு. அதைச் செய்யாமல் வந்து ஓட்டுநர் அண்ணன் சொல்லும் சாக்குகளைக் கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். இந்தப் பிரிவிலா இவ்வளவு சிரிப்பு என்று செவிலியர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்ததும் உண்டு.

6. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தபோது, என் கைப்பேசியைத் தண்ணீர் வாளிக்குள் தவறவிட்டாள். போட்டவுடன் ஓடிப்போய் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்குக் காது அடைத்தது. நேரே குளியலறைக்குப் போய், அதே வாளிக்குள் என் முகத்தை அமிழ்த்தி மூச்சைப் பிடித்தேன். சொட்டச் சொட்ட வெளியே வந்து, "போனும் குளிச்சாச்சு, அம்மாவும் குளிச்சாச்சு. உனக்கு எப்படி வசதி?" என்றேன். முதலில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. பிறகு முழுவதுமாக வந்து என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். இதை அக்காவிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். அக்கா என்னை அழைத்து, "பரீட்சை முடியட்டும்டி. வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்றாள். நான் அவள் துணிகளுக்காக அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து துடைத்து வைத்தேன்.

7. அதற்கடுத்த வாரம் வகுப்புக்குச் சென்றபோது அறை பூட்டியிருந்தது. அம்மையார் தங்கள் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டதாகக் கதவில் ஒட்டியிருந்தார்கள். இப்போது அவ்வறையில் சக்கரம் போன தள்ளுவண்டிகள் கிடக்கின்றன. நாங்கள் நால்வரும் வகுப்பை விட்டுவிடக் கூடாது என்று மருத்துவமனைத் தோட்டத்து பெஞ்சில் கூடிப் பார்த்தோம். மாணவி அழத் தொடங்கினாள். கணக்கு ஆசிரியை ஏதோ சொல்ல முயன்றார், அவருக்கும் அழுகை வந்துவிட்டது. "வண்டியில உக்காந்துட்டோம், ஓட்டத்தான் ஆளில்ல" என்றார் ஓட்டுநர். அத்துடன் கலைந்துவிட்டோம்.

8. ஒருமுறை தங்கள் அலுவலகத்துக்கு வந்து, நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் அவரைக் கண்டேன். ஊழியர்களுக்கு இச்சிகிச்சையில் பயிற்சி தருவது குறித்து அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "இங்க வச்சு உங்களுக்கு எதுவும் செய்ய எனக்கு அனுமதி இல்லம்மா" என்றவர், லிஃப்ட் வரை கூடவே வந்து, "பொண்ணு எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். கதவு மூடும்வரை நின்றார். இம்மனுவை அவர் சொல்லி நான் எழுதவில்லை. எழுதுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. இதன்பொருட்டு அவரிடம் விளக்கம் எதுவும் கேட்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

9. பரீட்சை முடிந்துவிட்டது. அக்கா எதுவும் கேட்பதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சென்ற வாரம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு என் குரல் உயர்ந்ததும், மகள் தானாகவே தொலைபேசியை வைத்துவிட்டாள். அவள் தலையைப் பின்னிவிட வேண்டும். சாப்பிட அடம்பிடித்தால் சாதாரணத் தாய்மார்போலச் சாதாரணமாகச் சலித்துக்கொள்ள வேண்டும். பயப்படாமல் அவள் என்னோடு சண்டை போட வேண்டும். இதற்குமேல் எனக்கு ஆசை இல்லை, ஐயா.

10. ஆகவே, அம்மையாரை முழுமையாகத் திருப்பி அனுப்ப இயலாவிட்டாலும், வியாழக்கிழமைகளிலாவது மருத்துவமனைக்கு அனுப்பி, தள்ளுவண்டிகளை அகற்றி அவ்வறையைத் திறந்துவிட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதுவும் முடியாதெனில், முறையாகப் பயின்ற வேறொருவரை நியமிக்கக் கோருகிறேன்.

கடைசி வகுப்பில் அவர் நடத்திய பாடம், பிறரிடம் ஒன்றை எப்படிக் கேட்பது என்பது. நடந்ததைச் சொல்ல வேண்டும், மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும், வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றார். அதன்படியே இதை எழுதியிருக்கிறேன். கேட்டது கிடைக்காமல் போனால் மனதை என்ன செய்வது என்பது அதற்கடுத்த வியாழக்கிழமைப் பாடம் என்று சொல்லியிருந்தார். மிரட்டலாக இதைச் சொல்லவில்லை. அந்தப் பாடம் எங்களுக்கு இன்னும் நடக்கவில்லை, ஐயா.

இடம்: வெளிநோயாளர் காத்திருப்புக் கூடம்
நாள்: வியாழக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)