மூன்று பத்துக்கு எரியாத விளக்கு

மார்ச் 11, செவ்வாய்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. அது ஒரு சேதியே இல்லை. வேகமாகப் போனதற்காக எனக்கு அபராதச் சீட்டு! இருபத்திரண்டு வருடமாக ஹார்லோ க்ரீக்கில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அதுவும் பள்ளிக்கூடத் தெருவில். அதுவும் கூரைமேல் 'வெர்னா ஓட்டுநர் பள்ளி' என்று மஞ்சள் பலகை வைத்த காரில்!

நிறுத்தியவன் டால்டன். சர்ச் பக்கத்துச் சந்தில் போலீஸ் காரை மறைத்து வைத்திருந்தான். பதினேழு வயதில் என்னிடம் படித்தவன். இரண்டு தடவை, 'நீ இன்னும் தேறல, டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"மிஸ்... நீங்களா? இருபது மைல்ல போக வேண்டிய இடத்துல முப்பத்தொண்ணு, மிஸ்."

எச்சரிக்கை விளக்கு மினுக்கினால்தான் அங்கே இருபது. மற்ற நேரம் முப்பது. விளக்கு எரியவில்லை. நான் பார்த்தேன். அதைத்தான் சொன்னேன். ஆனால் பல் டாக்டர் போட்ட ஊசியில் பாதி வாய் மரத்துக் கிடந்தது. "வெளக்கு எரியல" என்பது "வெழக்கு எழியழ" என்று எச்சிலோடு வெளியே வந்தது.

டால்டன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "குடிச்சிருக்கீங்களா, மிஸ்?"

போதையில் தள்ளாடுகிறேனா என்று பார்க்கக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னான். பள்ளிக்கூட வாசலில், புத்தகப் பையும் கையுமாக நின்ற குழந்தைகள் எதிரில், குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது அடி நடந்தேன். கடைசி அடியில் ஒரு குட்டிப்பெண் கைதட்டினாள்.

மார்ச் 12, புதன்

ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆரின் காலையில் என் தட்டில் முட்டையை வைத்துவிட்டு, "மெதுவா சாப்பிடு. பள்ளிக்கூட நேரம்" என்றான். முப்பது வருடத் தாம்பத்யம் அவனுக்கு இவ்வளவு தைரியம் கொடுத்திருக்கிறது.

பத்து மணிக்கு பெர்னிஸுக்கு வகுப்பு. அறுபத்தேழு வயது. ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. புருஷன் வாதம் வந்து படுத்த பிறகுதான் கற்றுக்கொள்ள வந்தார். பெரிய ஆஸ்பத்திரி நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் தேதி டெஸ்ட். பன்னிரண்டு மைல் வேகத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறார்.

"கொஞ்சம் அழுத்துங்க பெர்னிஸ்."

"எதுக்கு? நடக்கச் சொல்வாங்க. என் முட்டிக்கு ஆகாது."

நானும் சிரித்துவிட்டேன். வாய் இன்று நன்றாகவே வேலை செய்கிறது.

மார்ச் 13, வியாழன்

சீட்டின் பின்பக்கத்தை இன்றுதான் படித்தேன். அபராதம் போனால் போகட்டும். ஓட்டுநர் ஆசிரியர் உரிம விதியையும் எடுத்துப் பார்த்தேன். பள்ளி எல்லையில் வேகமாகப் போனதாக ஒரு தீர்ப்பு வந்தால் ஒரு வருடம் யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது. ஒரு வருடம்! பெர்னிஸுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த ஊரில் இன்னொரு ஆசிரியர் கிடையாது.

சீட்டில் 'குற்றமில்லை, கோர்ட்டில் வாதிடுகிறேன்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!!

இரண்டே முக்காலுக்கே போய்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டேன். ஃப்ளாஸ்கில் காபி. மூன்று மணிக்கு மணி அடித்தது. குழந்தைகள் கொட்டினாற்போல வெளியே வந்தார்கள். விளக்கு எரியவில்லை. மூன்றேகால். இல்லை. மூன்றரை. இல்லை. தெருவே காலியாகிவிட்டது. கிளம்பலாமா என்று நினைத்தேன். நல்லவேளை, காபி மிச்சமிருந்தது.

சரியாக நான்கு மணி. டிக், டிக் என்று மினுக்க ஆரம்பித்தது. ஆளில்லாத தெருவில் ஒரு நாயை எச்சரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம், கோடைப் பகல் வெளிச்சத்துக்காக வருடா வருடம் செய்வது போல. விளக்கின் கடிகாரத்தை யாரும் தள்ளவில்லை!

வீட்டுக்கு வந்து சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். ஆரினும் கூட ஆடினான். பிறகு சட்டென்று நின்று, "யார்கிட்டயும் சொல்லாத" என்றான். "இருபத்தாறாம் தேதி கேஸ் வருது. இப்பச் சொன்னா அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிட்டு, 'நல்லாத்தானே எரியுது'ன்னு கைய விரிச்சுடுவாங்க. உன் பேச்சை யார் நம்புவா?"

படம் எடுக்கலாமென்றால் என் போன் மடக்குகிற போன். அதில் பேசத்தான் முடியும். டால்டனையே கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். லீவில் மீன் பிடிக்கப் போயிருக்கிறானாம். புதன்கிழமைதான் வருவான்.

சரி, புதன்வரை பொறுப்போம். என்ன ஆகிவிடப் போகிறது?

மார்ச் 16, ஞாயிறு

என்ன ஆகிவிடப் போகிறது என்று நானா எழுதினேன்? சர்ச்சில் எனக்கு முன்வரிசையில் நான்கு குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. திங்கள், செவ்வாய், புதன். காலையும் மாலையும். ஆறு தடவை விளக்கில்லாமல் தெருவைக் கடப்பார்கள்.

ஆரினிடம் சொன்னேன். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான். "அப்ப கேஸு?"

"போகுது."

"பெர்னிஸு?"

கத்தியை எடுத்து மிச்ச முட்டைக்கோஸை நானே நறுக்கினேன்.

மார்ச் 17, திங்கள்

ஏழு மணிக்கே ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஏழேகாலுக்கு ஏணியோடு ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்தார், ஏதோ திருகினார். விளக்கு மினுக்கியது. முதல் பஸ் வருவதற்குள் வேலை முடிந்தது.

"நேரம் மாத்தாம இருந்துதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டேன்.

அவர் ஏணியை மடக்கிக்கொண்டே, "எழுதிக் குடுத்தா என் தலைதான் உருளும்மா. நான் வந்தேன், வெளக்கு எரியுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். என் சாட்சி போயே போயிற்று. ஆனாலும் எட்டு மணிவரை அங்கேயே நின்றிருந்தேன். வருகிற ஒவ்வொரு காரும் வேகத்தைக் குறைத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

பெர்னிஸ் இன்று பதினெட்டு மைலைத் தொட்டார். கேஸ் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு வருடம் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்று. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப சீக்கிரம் கத்துக்குடு. பேசாத" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

நாளைக்குப் போட்டுக்கொள்ள நீலக் கோட்டைத் தேய்த்தேன். பொத்தான் மாட்டவில்லை. இது யார் குற்றம்?

மார்ச் 26, புதன்

மாலை ஐந்து மணி. ஊர் மண்டபத்தில்தான் கோர்ட். நீதிபதி ஹாவ்லண்ட் அம்மா மற்ற நாட்களில் தீவனக் கடை நடத்துகிறார். தோளில் இன்னும் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது.

நான் முதலில் பேசினேன். நான்கு மணி, நாய், ஏணி, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கதை விடுவது போல இருந்தது. அடுத்து டால்டன் எழுந்தான்.

"வெளக்கு எரிஞ்சுதா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"பாக்கல மேடம். நான் நின்ன சந்துலேர்ந்து அது தெரியாது. மணி மூணு பத்து, அதனால எரியும்னு நெனச்சுட்டேன்." அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "மிஸ் எனக்குப் போன் பண்ணாங்கன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. எதுக்குன்னு தெரிஞ்சுக்க நேத்து ஊர் ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். புகார் பதிவேட்டு நகல் இது. பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு, வெளக்கு ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடுதுன்னு மிஸ்தான் சொல்லியிருக்காங்க. அடுத்த வரியில, 'நேரம் திருத்தப்பட்டது'ன்னு எழுதியிருக்கு."

இப்படி ஒரு பிள்ளையைத் தேறவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினேனே!

அம்மா தாளைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெளக்கு எரிஞ்சாத்தான் இருபதுன்னு பலகையிலயே போட்டிருக்கு. மத்தபடி முப்பத்தொண்ணுக்கு யாரும் சீட்டுக் குடுக்கறதில்ல. கேஸ் தள்ளுபடி. ஆனா ஒண்ணு கேக்கறேன். பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல. மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜெயித்தாயிற்று, ஒன்றும் ஆகியிருக்காது.

"தெரியும்" என்றேன். "வெளக்கத்தான் பாத்தேன். புள்ளைங்களப் பாக்கல. பல்வலி, வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு. என் மாணவர் யாராவது அப்படி ஓட்டியிருந்தா அங்கயே வண்டிய நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

ஹாவ்லண்ட் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் மருமகளை உங்ககிட்ட அனுப்பறேன். அவ பயங்கரமா ஓட்டறா" என்றார்.

வெளியே டால்டனுக்குக் கை கொடுத்தேன். கை போதவில்லை. கட்டிக்கொண்டேன். "மிஸ், யூனிஃபார்ம்ல இருக்கேன்" என்று நெளிந்தான். நெளியட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பெர்னிஸ் பாஸ்!!! தேர்வாளர் எழுதிய ஒரே குறை: 'மிகவும் மெதுவாக ஓட்டுகிறார்'.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெர்னிஸ் தன் சொந்தக் காரில் வந்து வாசலில் ஹாரன் அடித்தார். பின் ஸீட்டில் அவர் புருஷன், கம்பளி போர்த்தி, ராஜா மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறார்களாம். ஐஸ்கிரீம் சாப்பிடப் போகலாம் வா என்றார்கள்.

முன்னால் ஏறி உட்கார்ந்தேன். என் பள்ளிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடமாக என் வலது கால் அதன்மேலேயே குடியிருக்கிறது. யார் ஓட்டினாலும், ஆரின் ஓட்டினாலும்கூட, அது தரையில் பிரேக்கைத் தேடும்.

பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பினோம். மணி இரண்டரைதான், விளக்கு எரிய இன்னும் நேரமிருந்தது. வேலியோரம் மூன்று பிள்ளைகள் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். பெர்னிஸ் விளக்குப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்தார், வண்டி தானாக மெதுவானது.

தெருவைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.