அறுக்காமல் விட்ட சோளம்

நவம்பர் 10, ஞாயிறு
நல்ல வெயில். பனியன் கம்பெனிக்கு லீவு. முதல் பஸ்ஸில் சேவூர். வெள்ளை பெயிண்ட் ட்யூப் வாங்க மறந்தாச்சு.

சரஸக்கா காட்டில் சோளம் ஆள் உயரம். (மேட்டு நிலத்தை இங்கே காடு என்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் மரங்களைத் தேடினேன்.) ஆடியில் உழுத மண், ஆவணியில் முளை, இரண்டும் வரைந்தாயிற்று. மூன்றாவது இது, கதிர் வந்த சோளம். பாதி முடிவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

அக்கா வந்தார். "நாளைக்கு ஆளு வருதுங்க அம்மிணி. தட்டு அறுத்துப் போட்டா நாலு நாள்ல காஞ்சிரும். மழைக்கு முந்திப் போர் போட்டுரலாம்."

அவருடைய இரண்டு மாட்டுக்கும் கோடை முடியும்வரை அந்தச் சோளத்தட்டுதான் தீனி. தெரியும். தெரிந்தும் கேட்டேன். "அடுத்த ஞாயிறு வரைக்கும் விடுங்களேன்க்கா. எனக்கு லீவு அன்னைக்கித்தான்."

வானத்தைப் பார்த்தார். கேன்வாஸைப் பார்த்தார். "நம்ம காடு இத்தன லட்சணமாங்க? செரி, நிக்கட்டும். ஆள வேண்டாங்கறேன்."

பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தேன்.

நவ. 13, புதன்
கம்பெனியில் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு டைனோசர் வரையும் வேலை. சிரிக்க வேண்டுமாம், பல் தெரியக் கூடாதாம், மேனேஜர் சொன்னார். "பல் இல்லாம எப்படி சார் சிரிக்கும்?" "ஃபாரின் பையர் கேக்கறாங்க, வரைங்க மேடம்."

மேகம். மொட்டை மாடிக்கு அடிக்கடி போய்ப் பார்த்தேன். துணி காயப்போட்டிருப்பதாகப் பொய்.

நவ. 16, சனி
கார்த்திகை பிறந்தாச்சு. கட்டிங் மாஸ்டர் மாலை போட்டு வந்திருக்கிறார். விடிகாலையிலிருந்து மழை, பேய்க்காற்று. வடநாட்டுப் பையன்கள் "பாரிஷ், பாரிஷ்" என்று வாசலில் கும்மாளம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்யலாம். செய்யவில்லை. பயம்.

நவ. 17, ஞாயிறு
சோளம் மொத்தமும் படுத்துவிட்டது. சேறு அப்பி, ஊறி. மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. பக்கத்துக் காட்டுக்காரர் போன திங்களே அறுத்துவிட்டார். அவருடைய போர் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பத்திரமாக நிற்கிறது.

"உள்ள வாங்க அம்மிணி, நனையாதீங்க. காப்பி வெக்கறேன்."

"என்னாலதானக்கா?"

"மழைய நீங்களா கூட்டியாந்தீங்க? உடுங்க." குரல் சரியில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மழை விட்டதும் காட்டோரம் போனேன். தட்டெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மேலே ஈய நிறம், கீழே மஞ்சள் வெளிச்சம். கை தானாக பிரஷ்ஷை எடுத்தது என்று எழுத ஆசை. இல்லை, நான்தான் எடுத்தேன். வேறு கேன்வாஸ் கொண்டுபோகவில்லை. நின்ற சோளத்தின் மேலேயே படுத்த சோளத்தை வரைந்தேன். சாயங்காலம்வரை பசி தெரியவில்லை. இதுவரை நான் வரைந்ததிலேயே நல்ல படம் இதுதான். சீ.

நவ. 21, வியாழன்
வாங்க: டர்பன்டைன், சலவை சோப்பு, தைலம்.

அக்கா போன். "செவலை மாட்ட வித்துப்போட்டனுங்க. ரெண்டுக்கும் தீனிக்கு எங்கீங்க போறது?"

"தட்டு நான் வாங்கித் தாரேன்க்கா."

"மாட்ட நேத்தே வண்டி ஏத்தியாச்சுங்க. அதுக்குக் கூப்படல. ஞாயித்துக்கெழம வாங்க, ஒரு விசயம்."

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டைனோசருக்கு ஓகே வந்துவிட்டது.

நவ. 24, ஞாயிறு
கட்டுத்தறியில் ஒரு மாடுதான். உள்ளே சுவரில் புது ஆணி.

"அந்தச் சோளப் படத்த எனக்குக் குடுத்துருங்க அம்மிணி. கதிரும் அதுவுமா நின்னுச்சில்ல, அது. இங்க மாட்டிக்கறேன். அதுக்குத்தானுங்களே அறுக்காம உட்டேன்."

அந்தப் படம் இப்போது எங்கும் இல்லை. அதன் மேல் மழை.

"இன்னும் காயலக்கா."

"காயட்டுங்க. அவசரமில்ல."

திரும்பும்போது காட்டைப் பார்த்தேன். உழுது போட்டிருக்கிறார்கள்.