சுவரில் வெயில் விழும் நேரம்

ஜனவரி 6
மாடியில் காலையிலிருந்து ஒரே சிரிப்பு. ஓரகத்தியின் மகளுக்கு 27ஆம் தேதி கல்யாணம். சிரிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்த துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டைக் காலர் கருகிவிட்டது.

ஜனவரி 9
போட்டோக்காரப் பெண் வந்தாள். பொண்ணு மாப்பிள்ளையைச் சாயங்கால வெயிலில்தான் எடுப்பாளாம். மாடியெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நின்றது எங்கே? கீழே, என் மகள் படுத்திருந்த அறையில். மேற்கு ஜன்னல் அங்கேதான்.

போனைக் காட்டினாள். "சூரியன் எங்க இருக்கும்னு இது சொல்லிடும்மா. எதிர் வீட்டுத் தண்ணித் தொட்டி எப்ப மறைக்கும்னு சொல்லாது. இந்தச் சுவத்துல எத்தனை மணிக்கு வெயில் விழும்?"

எனக்கா தெரியாது? மாசக் கணக்கில் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தவள். ஐந்து பத்துக்கு விழும். இருபது நிமிஷம். அப்புறம் தொட்டி விழுங்கிவிடும்.

"ஆறு மணிக்கு" என்றேன்.

"அக்கா சொன்னா கரெக்டா இருக்கும்" என்றாள் ஓரகத்தி, வாயெல்லாம் பல்லாக.

ஜனவரி 10
பொய்தான். அதற்கென்ன இப்போ?

ஜனவரி 15
என் மகளும் கல்யாணப் பொண்ணும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். என் மகள் அவளைச் சுண்டெலி என்பாள். சுண்டெலிக்கு ஒரு ஜுரம்கூட வந்ததில்லை. ஏன் வரவில்லை? — இப்படி எழுதுகிறேனே, நான் மனுஷியா?

ஆனாலும் வயிறு எரிகிறது. எல்லாம் அவளுக்கே கிடைத்தாயிற்று, இந்த வெயிலுமா வேண்டும்? இது என் பிள்ளையுடையது. எழுந்து வாசலுக்குப் போக முடியாதவள், வெயில் எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் மணியும் எழுதினாள். கடைசிக் கோடு போன வருஷம் பிப்ரவரி 9. மறுநாள் அவள் இல்லை.

அந்தச் சுவரை யாரும் பார்க்கக் கூடாதென்று மெத்தையைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26
தூக்கம் வரவில்லை. சொல்லிவிடலாமா? மாட்டேன்.

ஜனவரி 27
காலையில் கல்யாணம் முடிந்தது. ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினாள் சுண்டெலி. பட்டுச்சேலை, பாதி பின்னிய தலை. தனியாக.

"என்னடி, ஆறு மணிக்குத்தானே?"

"அது போட்டோவுக்கு, பெரியம்மா."

மெத்தையை அவளே நகர்த்தினாள். தேடவே இல்லை, நேராக ஒரு கோட்டில் விரலை வைத்தாள். ஜன. 27, 5.10. "இதப் போடறப்ப பென்சில் சீவிக் குடுத்தது யாருன்னு நினைச்சீங்க?"

"அப்போ ஏன்டி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லலியே."

வெயில் வந்தது. அவள் சேலை கசங்குவதைப் பார்க்காமல் கோடுகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். அந்த மஞ்சள் அப்படியே அவள் கன்னத்தில். இங்கே என் பிள்ளையல்லவா — பொறாமை போகவில்லை. போகவே இல்லை. ஆனால் மணி ஐந்து பதினைந்து.

மாடிப்படியில் ஓடினேன். "இந்தாம்மா போட்டோப் பொண்ணு! ஆறு இல்ல, இப்பத்தான்! நான் தப்பாச் சொல்லிட்டேன், ஓடி வா!"

மாப்பிள்ளை வெறுங்காலோடு இறங்கினார். பின்னாலேயே ஓரகத்தி சீப்போடு. "தலையே பின்னலியே அக்கா!"

"தலை எங்கேயும் போகாதுடி. வெயில் போயிடும்."

பிப்ரவரி 4
ஓரகத்தி ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தாள். அவிழ்ந்த தலையோடு சுண்டெலி அழகாய்த்தான் இருக்கிறாள். என் பிள்ளை இதைவிட அழகு. பின்னால் கோடெல்லாம் தெரிகிறது.

"சுவத்துல இருக்கிற கிறுக்கலை அழிச்சுத் தரட்டுமான்னு அந்தப் பொண்ணு கேட்டுது அக்கா. இவ அடிக்கவே போயிட்டா."

மெத்தையைத் திரும்பச் சாய்க்கவில்லை.

பிப்ரவரி 10
பென்சில் சீவினேன். அவளுடைய கடைசிக் கோட்டுக்கு அடுத்து ஒன்று. ஐந்து பதினேழு. எழுத்து கோணல்.