எதுவும் கேட்காத பலகைகள்

மார்ச் 3

பஸ் எப்போது வரும் என்று சொல்லும் எங்கள் ஏபிஐ மென்பொருள், அடுத்த மாதத்திலிருந்து ஜேசன் என்ற புது வடிவத்தில் மட்டும்தான் பதில் தருமாம். பழைய எக்ஸ்எம்எல் வடிவத்தைத் தலைமுழுகிவிடலாம் என்கிறார் மேனேஜர். ஃபோன் ஆப்புக்கு ஜேசன்தான் லேசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தங்களில் தொங்கும் பழைய மின்பலகைகளுக்கு எக்ஸ்எம்எல் தவிர வேறொன்றும் புரியாது. அவற்றைப் பழுதுபார்க்கிறவர் என் வீட்டுக்காரர். பலகைகள் போனால் அவர் வேலையும் போய்விடும்.

விஷயம் அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுஷன் எதைத்தான் கேட்டிருக்கிறார்? குழம்பில் உப்பு இல்லையென்றாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

மார்ச் 5

மேனேஜரை மடக்கிவிட்டேன். இரண்டு வடிவமும் இருக்கட்டும், யார் எதைக் கேட்கிறார்களோ அதைக் கொடுப்போம் என்றேன். பலகையைப் பற்றி ஒரே ஒரு புகார் வந்தாலும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவாராம். சரி என்று தலையாட்டினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

மார்ச் 10

காலையில் மாற்றத்தை சர்வரில் ஏற்றினோம். ஆப் ஜோராக ஓடியது. பலகைகள் அத்தனையும் இருட்டு. போச்சு, என் கையாலேயே அவர் பிழைப்பைக் கெடுத்துட்டேனே...

வீட்டுக்காரரே ஃபோனில் கூப்பிட்டார். கோபமே இல்லை. "பலகை இன்ன வடிவம் வேணும்னு கேக்காதும்மா. சும்மா வந்து நிக்கும். நீயா பாத்துக் குடுத்தாதான் உண்டு."

சர்வர் பதிவைப் பார்த்தேன். வாஸ்தவம்தான். பலகையின் கோரிக்கையில் வடிவத்தைச் சொல்லும் வரியே இல்லை. கேட்காதவர்களுக்கெல்லாம் நான் ஜேசனைக் கொடுத்திருக்கிறேன். கேட்காவிட்டால் எக்ஸ்எம்எல் என்று மாற்றினேன். பலகைகள் மறுபடி ஒளிர்ந்தன.

அதுவரை அவர் பெரிய நிறுத்தத்தில் நின்று, ஆப்பைப் பார்த்து எல்லோருக்கும் பஸ் நேரத்தைக் கத்திக்கொண்டிருந்தாராம். என் தங்கம். மற்ற இடங்களில் கரன்ட் போய்விட்டதாக நினைத்தார்களோ என்னவோ, புகார் வரவில்லை.

மார்ச் 11

இப்படி ஒருத்தரோடு குடும்பம் நடத்திக்கொண்டு, இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை?

மார்ச் 31

பலகைகள் இருக்கட்டும் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். கைகால் கழுவிவிட்டு சமையலறைக்கு வந்தார்.

"காபில சர்க்கரை கொஞ்சம் கூடப் போடேன்."

அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷமாகவா? அள்ளிப் போட்டேன்.