நாலாம் மாடிக் கூடை

ஹவானா, 9 மார்ச் 2004

என் செல்லம் இதானியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் ஆசை, முழங்கால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. நாலு மாடி இறங்கி இரண்டு மாதமாகிறது. லிஃப்ட் செத்து ஒன்பது வருஷம். கீழ்வீட்டு நெரெய்தாதான் என் ரேஷன் ரொட்டியை வாங்கி வருகிறாள். நான் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவேன், அவள் போட்டுவிடுவாள். காலையில் கூடை இறங்கினால் இந்த ஒந்தீனா கிழவி நன்றாக இருக்கிறாள் என்று தெருவுக்கே தெரியும்.

ஒரு நல்ல சேதி. அடுத்த தெரு எயுசேபியோ தன் தரைவீட்டை நம் வீட்டோடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். வீட்டை விற்கத்தான் இங்கே சட்டத்தில் வழியில்லை, மாற்றிக்கொள்ளலாமே. அறைகள் சின்னவைதான். ஆனால் வாசலில் நாற்காலி போட்டு நாலு மனிதர்களைப் பார்க்கலாம். உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. சரி என்று ஒரு வரி எழுது.

அம்மா

வலென்சியா, 2 ஏப்ரல் 2004

அன்பு அம்மா,

உன் கடிதம் பார்த்து அழுதேன். நான் பிறந்த வீடு, அப்பா கண்மூடிய வீடு. பால்கனியில் நின்றால் கடல் தெரியுமே! அதை யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுப்பாயா? தரைவீட்டில் ஈரம், திருட்டுப் பயம் வேறு. டிசம்பரில் வருகிறேன், சேர்ந்து முடிவு செய்வோம். எனக்காகப் பொறுத்துக்கொள். வழுக்காத செருப்பு அனுப்பியிருக்கிறேன்.

உன் இதானியா

ஹவானா, 15 ஜூன் 2004

கண்ணே,

சரி, உனக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். எயுசேபியோவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. "டிசம்பர் வரைக்கும் எப்படிக்கா காத்திருக்க? என் பையன் கல்யாணம் பண்ணிக்கிட்டு எங்க குடித்தனம் வைப்பான்?" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். செருப்பு நன்றாக இருக்கிறது. போட்டுக்கொண்டு நடக்கத்தான் இடமில்லை.

அம்மா

வலென்சியா, 20 அக்டோபர் 2004

அம்மா,

திட்டாதே. டிசம்பரில் லீவு தர மாட்டார்களாம். கோடையில் நிச்சயம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இதானியா

ஹவானா, 28 நவம்பர் 2004

இதானியாவுக்கு,

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு காலை, கூடையை இறக்கிவிட்டுத் திரும்பியவள் விழுந்துவிட்டேன். உன் செருப்பு காலில்தான் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கீழே நெரெய்தா, "ரொட்டி போட்டாச்சு ஒந்தீனாக்கா" என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்குத்தான் குரல் எழும்பவில்லை. கூடை தொங்குவதைப் பார்த்து எல்லோரும் நான் நன்றாக இருக்கிறேன் என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மறுநாள் காலை புது ரொட்டியோடு வந்த நெரெய்தா, பழைய ரொட்டியில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் ஆளைக் கூட்டிவந்து கதவை உடைத்தாள்.

எயுசேபியோ ஆகஸ்டிலேயே வேறு ஒருவரோடு வீட்டை மாற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். இனி படி இறங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த முறையும் நாலு பேர்தான் இறக்குவார்கள்.

உன்மேல் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். என்மேல் அதைவிட அதிகம். பேனா என் கையில்தானே இருந்தது?

கூடையை நெரெய்தா அவிழ்த்துப் போட்டுவிட்டாள். தினமும் அவளே ஏறி வருகிறாள், பாவம், அவளுக்கும் அறுபத்தெட்டு. கட்டிலில் படுத்தால் கடல் தெரிவதில்லை. நீ பிறந்த வீடு அப்படியேதான் இருக்கிறது. கோடையில் வந்து பார்த்துக்கொள். எனக்காக வர வேண்டாம்.

ஒந்தீனா