பதிவின் அடியில் ஒரு லிங்க்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் சமைத்துக் கொடுக்கிறார்.

அத்தானுக்குச் சிறுநீரகம் திடீரென்று மோசமாகிவிட்டது என்று போனில் சொன்னேன். திடீரென்று ஆகவில்லை. போனில் சொன்னால் உடைந்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நீ இணையத்தில் பதிவுகளைத் திருத்துகிறாயே, அந்தச் சிறுநீரக நோயாளிகள் குழு, அதில் ஒருவர் ஏதோ வேர்ப் பொடியைச் சாப்பிட்டு டயாலிசிஸ் இல்லாமலே தேறிவிட்டதாக எழுதியிருந்தார். நீ அதில் எழுத்துப்பிழை திருத்தி, அடியில் ஒரு லிங்க் போட்டிருக்கிறாய். என் கல்யாணப் பத்திரிகையிலேயே பிழை கண்டுபிடித்தவன், சும்மா விடுவாயா? திருத்தியவர் என்று உன் பெயரும் கீழே இருக்கிறது. அத்தான் அந்த லிங்கைத் திறக்காமலே பொடியை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பொடி வேண்டாம் என்று நான் சண்டை போட்டபோது, "மச்சான் கை வெச்ச பதிவுடி, தப்பா இருந்தா விட்டிருப்பானா?" என்று சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் நினைவு தப்பிய பிறகு, என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். அப்போதுதான் லிங்கைத் திறந்தேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த வேரைத் தொடவே கூடாது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு மருந்தை மாற்றினார். முன்னாடியே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்தவர் கருத்தில் கை வைக்கக் கூடாது, ஆதாரம் மட்டும் கொடுக்கலாம் என்பது உங்கள் குழு வழக்கம் என்று முன்பே சொல்லியிருக்கிறாய். போன வாரம், யாரும் திறக்காத லிங்கைச் சேர்த்து என்ன பிரயோஜனம், விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டாய். விடாதே. அது இல்லாவிட்டால் டாக்டருக்கு இதுவும் தெரிந்திருக்காது. ஆனால் வெறும் லிங்கைப் பார்க்கிறவர்கள், பதிவில் சொன்னதெல்லாம் நிஜம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதிவிடு. வழக்கமாவது மண்ணாவது. அந்தப் பதிவு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். முதலில் அவளுக்குப் பதில் எழுது, பிறகு டிக்கெட் எடு.

சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது மட்டும் கைக்கு வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வந்துவிடு.

உன்
அக்கா