கரையான் தின்னாத பதினாறு பக்கங்கள்

கண்ணு,

குக்கரில் சோறு இருக்கிறது. கோபத்தைச் சோற்றின்மேல் காட்டாதே, நாளைக்குப் பரீட்சை.

உன் உயிரியல் புத்தகத்தைக் கரையான் அரிக்கவில்லை. பைண்டிங் செய்தபோது இனப்பெருக்க மண்டலப் பாடத்தை நான்தான் எடுத்து ஒளித்து வைத்தேன். பதினாறு பக்கமும் தட்டுக்கு அடியில் இருக்கின்றன. "கரையான் என்ன, தலைப்பைப் பாத்தா திங்கும்?" என்று நேற்று நீ கேட்டபோதே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இருபது வருடமாக ஊரார் புத்தகங்களைத் தைக்கிறேன், ஒரு தாள் விட்டதில்லை. சொந்த மகளின் புத்தகத்தில்தான் கை கூசிவிட்டது.

"அம்மா இருந்திருந்தா உங்ககிட்ட ஏன்பா கேக்கப் போறேன்?" என்றாய். அவள் இருந்திருந்தால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்திருப்பாள்.

காலையில் முந்தைய பாடத்தோடு சேர்த்து முழுவதையும் படித்தேன். பிட்யூட்டரி சுரப்பி பட்டாணி அளவுதானாம். மூளைக்கு அடியில் இருந்துகொண்டே மற்ற சுரப்பிகளை வேலை வாங்குமாம். உருவத்திலும் அதிகாரத்திலும் உன் அம்மாவேதான். அந்தச் சுரப்பி சூலகத்துக்கு அனுப்பும் உத்தரவு, நான் எடுத்த பக்கங்களில்தான் போய்ச் சேருகிறது. இந்தப் பக்கங்கள் இல்லாமல் போயிருந்தால், நாளைக்கு உன் விடைத்தாளில் அது பாதி வழியில் நின்றிருக்கும். தப்பு என்னுடையதுதான்.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

அப்பா

இன்னொன்று: மாதவிடாய்ச் சுழற்சிப் படத்தில் இரண்டு இடம் எனக்குப் புரியவில்லை. பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வந்ததும் சொல்லிக் கொடு. நேற்று மாதிரி எழுந்து ஓட மாட்டேன்.